பாலம் கேட்ட பிள்ளை

பதுளைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பாலத்துத் தூண் நிற்க வேண்டுமானால் அடியில் ஒரு பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒரே பேச்சு. பாதை வேலைக்குக் கல் சுமக்கச் சிறுவர்களை அனுப்பும்படி பெரிய கங்காணி கேட்டபோது, எந்தத் தாயும் அனுப்பவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மாலை, பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிய பெண்ணொருத்தியிடம், இது வெறும் கட்டுக்கதை என்று விளக்கப் போனேன். அவளுடைய மூத்த மகன் அந்தப் பாதை வேலையில், பாறைக்கு வெடி வைத்தபோது ஒரு கண்ணை இழந்தவன். இளையவனுக்கு என் மகளின் வயது.

“தெரியுங்கய்யா,” என்றாள் மெதுவாக. “பாலம் புள்ள கேக்குமா? ஆனா அனுப்ப முடியாதுன்னு சொன்னா கங்காணி லயத்த விட்டே வெரட்டிருவாரு. பயமா இருக்குன்னு சொன்னா சிரிச்சிட்டு விட்டுருவாரு.”

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம். அன்று அடம்பிடித்து என் மகளும் கூட வந்திருந்தாள். கங்காணி அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“ஒம் மகனப் பொதைச்சா அந்தப் பாலம் அன்னைக்கே சாஞ்சிரும்டி!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“பாலம் சாஞ்சா சாயட்டுங்க. எம்புள்ள நிக்கணும்,” என்றாள் அவள்.

கங்காணி என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவரு. இதுங்களுக்குப் புத்தி சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அது கட்டுக்கதை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற இளைய மகனின் தலைமேல் வைத்த கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

“எங்க ஊர்லயும் அப்படி நடந்ததாக் கேள்வி,” என்றேன். “எம்புள்ளையா இருந்தா நான் அனுப்ப மாட்டேன்.”

கங்காணி காறித் துப்பிவிட்டுப் போனார். பிள்ளைகள் கல் சுமக்கப் போகவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள், “நெசமாப்பா?” ‘பொய்’ என்று சொன்னால் அவள் அதை லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லுவாள், பொழுது சாய்வதற்குள் கங்காணி காதுக்குப் போய்விடும். “ஆமாம்மா,” என்றேன்.

இப்போது ரயில் ஓடுகிறது. மகள் வளர்ந்து பதுளையில் படிக்கிறாள். வண்டி பாலத்தில் ஏறும்போதெல்லாம் முகம் வெளிறி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அதைத் தாங்க முடியாமல், அன்று நடந்ததைப் போன மாதம் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பாமல் தலையசைத்தாள்.

“என் பயம் போகணும்னு இப்பச் சொல்றீங்க. அன்னைக்கு அத்தன பேரு முன்னால நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்கப்பா.”

அன்று ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பிடித்துக்கொண்ட பொய்யை இன்று என் பிள்ளை என்மேல் வைத்த நம்பிக்கைக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டி அந்தப் பாலத்தைக் கடந்து முடியும்வரை, வெளிறிய அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இப்போது நான்தான்.