போஞ்சிப் பாத்தியின் துரைசாணி

பேச்சியம்மாவுக்குத் தோட்டம் போடத் தெரியாது என்றால் புசல்லாவையில் யாரும் நம்பமாட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்தில், வீட்டு வாசலில் இருந்த காய்கறிப் பாத்தியோ புருஷனின் இராச்சியம். அதில் அவரைக் கால் வைக்க விட்டதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தார். 1979இல் பேச்சியம்மா மகள் வீட்டோடு கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் பக்கத்து வீட்டுக்கு, வந்து சேர்ந்தார்.

அது வாடகை வீடு. சொந்தக்காரர் ஹாட்வெயார் கடை பளீல், அடுத்த வளவில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவில் ஒரு துண்டு நிலம். கொட்டில் போட்டு அதில் சீமெந்து அடுக்க, பளீல் தகரம்கூட வாங்கி வைத்திருந்தார். பேச்சியம்மா நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"மொதலாளி, அந்தத் துண்ட எனக்கு விடுங்க. இத்தன வருசம் செடியத் தொட்டேன், ஒண்ணாவது காய்ச்சு நான் பாத்ததில்ல. கண்ண மூடுறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துரணும்."

பளீல் வியாபாரி. சும்மா கொடுத்தால் கை கூசும். "நோன்பு தொடங்க முந்தி ஒரு காயக் காட்டுங்க. நெலம் ஒங்களுக்கு. இல்லாட்டி கொட்டில்."

சித்திரையில், கொடியேறிக் காய்க்கிற போஞ்சி விதை போட்டார். வாழ்க்கையில் ஒரு வெண்டிக்காய்கூட வளர்த்திராத நாங்கள் அத்தனை ஆண்களும் வேலியோரம் நின்று ஆலோசனை சொன்னோம். எங்களையும் மீறி விதை முளைத்தது. கம்பு ஊன்றினார். கொடி கம்பைத் தொட்டது. அத்தோடு நின்றுவிட்டது.

ஒரு மாதம் ஆனது. பக்கத்தில் கிளை விட்டு, அகலித்து, மேலே தட்டையாக, மேசை விரிப்புப் போட்டதுபோல் நின்றது பாத்தி. கம்புகள் தனியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மண் சரியில்லை என்றார் ஒருவர். விதையில் கள்ளம் என்றார் இன்னொருவர். எவனோ கண் வைத்துவிட்டான் என்று நான் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பளீலின் மனைவிதான் உண்மையைக் கண்டுபிடித்தார்; பெயர் சித்தி றலியா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவரின் கண், பேச்சியம்மாவின் கையில் விழுந்தது. வாய் மருமகனைக் குறை சொல்கிறது. இரண்டு கைகளும் பாத்தியின் மேல் ஓடுகின்றன. நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். டக், டக், டக். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீச்சு. கூடை அங்கே இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

"அல்லாவே! அக்கா, என்னத்தியன் இது? போஞ்சியா, தேயிலையா?"

பேச்சியம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் தரையெல்லாம் போஞ்சிக் கொழுந்து.

"அடப்பாவி கையே!" என்றார்.

மருமகன் தியாகராஜா அன்று முழுக்கச் சிரித்தான். "ஏன் அத்த, இன்னைக்கு எத்தன கிலோ? கொழுந்து கொறையுதுன்னு கணக்கப்புள்ள அரப்பேரு போட்டு அரச் சம்பளமாக்கிட்டாரா?"

"சிரிங்க மாப்ள, சிரிங்க. ஒங்களுக்கென்ன, தொண்ட வலிச்சா நிப்பாட்டிருவீங்க. இந்தக் கைய எப்புடி நிப்பாட்டுறது?"

வைகாசி பாதியில் மறுபடியும் விதைத்தார். இந்த முறை கையைக் கட்டிப்போட ஒரு வழி வைத்திருந்தார். புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்துத் துரை மலை பார்க்க வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். செடியைத் தொடவேமாட்டார். அவர் வருகிறார் என்றால் பேச்சியம்மாவுக்கு உள்ளங்கை வேர்க்கும். இப்போது அதே நடையைத் தானே எடுத்தார். காலையில் பாத்தியைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டியபடி மூன்று சுற்று, நின்று ஒரு செருமல், மறுபடி நடை.

"குட்மோர்னிங், தொர!" என்பான் தியாகராஜா.

"போய்யா, வேலயப் பாரு!" என்பார். அந்தக் குரல்கூடத் துரையிடமிருந்து வந்ததுதான்.

கொடி ஏறியது. பூத்தது. முதல் பூவைப் பார்க்க எங்களையெல்லாம் கூப்பிட்டார். போனோம். இத்தனூண்டு வெள்ளைப் பூ. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் யாரும் சீக்கிரம் திரும்பி வரவில்லை.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது சீமெந்து லொறி வந்து நின்றது. பளீல் பின்பக்கம் வந்தார். கொடியில் பிஞ்சுகள், சுண்டுவிரல் நீளத்தில்.

"சரி, ஒண்ணப் பறிச்சுக் காட்டுங்க."

பேச்சியம்மாவின் கை முதுகுப் பக்கத்திலிருந்து அசையவில்லை. "இது பிஞ்சு மொதலாளி. இன்னும் நாலு நாளு போகணும்."

"பேச்சு பேச்சுதானே. காயக் காட்டணும். லொறி நிக்குது."

"கொட்டிலப் போட்டுக்கங்க. பிஞ்சுல பறிச்சு நெலத்த வச்சுக்கிறதுக்கு நான் இங்க செடி போடல. பிஞ்சுல பறிச்சது போதும் சாமி."

பளீல் ஒரு பிஞ்சுக்குக் கை நீட்டினார். பேச்சியம்மா தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வேலிக்கு அப்பால் சித்தி றலியா செருமினார். பளீல் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு லொறிக்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "எறக்கி எங்க ஊட்டுக்குள்ள போடு!"

அந்த வருடப் பெருநாளன்று பளீல் வீட்டு முன்னறையில் கதிரைக்கு இடமில்லை. சீமெந்து மூட்டைகளின் மேல் பாயைப் போட்டு எங்களை உட்காரவைத்து வட்டிலப்பம் தந்தார்கள். எழுந்தபோது எல்லோருக்கும் பின்பக்கம் சாம்பல் நிறம். பளீல் யார் முகத்தையும் பார்க்காமல், "நெலம் இல்ல, என்ன செய்ய?" என்று முணுமுணுத்தார்.