கருவி நீக்கிய மாமியார்

தெலுங்குச் சீமையில், லாலாகுடா ரயில்வே பட்டறை கேண்டீனில் முப்பது வருஷம் இட்லி ஊற்றியவள் அன்னக்கிளி. எனக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். கட்டியது சொந்தத் தாய்மாமனை. ஆக, அவள் அம்மாவைப் பெற்ற பாட்டிதான் அவளுக்கு மாமியார். அவர்கள் சண்டை போட்டால் எந்த முறைக்குப் பஞ்சாயத்துப் பேசுவது என்று எங்களுக்கே விளங்காது.

போன ஆவணியில் நெஞ்சு எரிகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். இப்போதெல்லாம் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கருவி கேள்வி கேட்கிறது. தமிழிலேயே கேட்கிறது, செய்தி வாசிக்கிற மாதிரி.

"குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்ததுண்டா?"

"மாமியாருக்கு வந்துச்சு, அறுபது வயசுல. அப்புறம் என் வீட்டுக்காரருக்கு. சோறு பிசைஞ்ச கையோட சாஞ்சாரு."

"அவர்கள் திருமண வழி உறவு. இரத்த உறவில்?"

"ரத்தம்தாம்மா! என் அம்மாவைப் பெத்தவ அவ."

"அவர் உங்கள் பாட்டி என்றால், மாமியார் என்ற பதிலை நீக்கிவிடவா?"

"மாமியாரை நீக்கறியா? பத்து வருஷம் நான் பார்த்தேன், முடியல. நீக்கு தாயே, நீக்கு!"

வரிசையே சிரித்தது. கருவியும் நீக்கிவிட்டது, மாமியாரோடு அவள் மாரடைப்பையும் சேர்த்து. 'இரத்த உறவில் இதய நோய் இல்லை. வாயுத் தொல்லை' என்று எழுதி உள்ளே அனுப்பியது.

உள்ளே டாக்டர் சுப்ரியா, தெலுங்குப் பெண். கருவி எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதே இப்போது அவளுக்குப் பாதி வேலை. பேனாவை எடுத்தவள், "வெளிய என்னம்மா அவ்வளவு சிரிப்பு?" என்றாள்.

அன்னக்கிளி பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"மேனரிகமா? மாமாவையே கட்டினீங்களா? எங்க பின்னி, அதான் சித்தி, அவங்களும் அப்படித்தான். அப்போ பாட்டி, மாமா ரெண்டு பேரும் உங்க ரத்தம். எழுந்திரிங்க, ஈசிஜி எடுக்கணும்."

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அன்று சாயங்காலமே ஸ்டென்ட் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா அன்னக்கிளியின் மகன் பாபுவைச் சோதனைக்குப் பிடித்தாள். அவனுக்கு அப்பா வழி, அம்மா வழி, இரண்டும் அதே ரத்தம்தானே!

"நக்கோ மா, வேண்டாம், எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் பாபு.

"உங்கப்பாவும் இதைத்தான் சொன்னாரு. மறுநாள் அவருக்குப் பூமாலை வாங்கிட்டு வந்தோம்" என்றாள் அன்னக்கிளி படுக்கையிலிருந்தே. பாபு சட்டையைக் கழற்றினான்.

நல்லவேளை, ரிப்போர்ட்டில் குறை இல்லை.

"இவனுக்குப் பொண்ணு பார்க்கலாமா டாக்டரம்மா?" என்றாள் அன்னக்கிளி.

"பாருங்க. ஆனா சொந்தத்துல வேண்டாம், வெளியில பாருங்க."

"வெளியில எங்க போறது? லாலாகுடாவுல பாதிப் பேரு எங்க சொந்தம்தானே!"