பொதிகை உச்சியில் பாக்கியசீலன்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்த பாக்கியசீலனுக்கு, முப்பத்திரண்டாவது வயதில் இடது முழங்கைக்கு மேலே ஒரு தேமல் விழுந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஒருநாள் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான். மனைவி இன்பமணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வயது மகளைத் தூக்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கோமதிநாயகம் அவரோடு படித்தவர், தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பொதிகை உச்சியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் சிநேகிதரைக் கூப்பிடுவார். பாக்கியசீலன் சிரித்துத் தட்டிக்கழிப்பார். 1909 தை மாதம் அவரே கச்சேரி வாசலில் வந்து நின்றார்.

"வாரும் வே. இந்தச் சனி ஞாயிறு மலைக்குப் போயிட்டு வருவோம்."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை?"

"ஆண்டவர் பொறுத்துக்கிடுவாரு."

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. மலைவாசிகளான காணிக்காரர்களிடம் குஷ்டத்துக்கு ஒரு வேர் உண்டென்று மருந்துக்கடை அசன் மைதீன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது பாக்கியசீலன் காதில் விழுந்திருந்தது. அதற்காகத்தான் போனார்.

முன்னும் பின்னும் ஒரு நாள் லீவு சேர்த்து, அம்பாசமுத்திரம் வரை ரயில், பாபநாசம் வரை வண்டி, பிறகு நடை. மல்லன் என்ற காணிக்காரர் வழிகாட்ட வந்தார். சனிக்கிழமை மத்தியானம் கோமதிநாயகம் ஆற்றில் குளிக்க இறங்கிய நேரம் பார்த்து, பாக்கியசீலன் சட்டைக்கையைச் சுருட்டி மல்லனிடம் காட்டினார்.

மல்லன் தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு வேர் இருக்குன்னாங்களே?"

"எங்க கூட்டத்துலயே ஒருத்தனுக்கு வந்தது அய்யா. வேர் இருந்தா அவனுக்குக் குடுத்திருக்க மாட்டமா? தனியாக் குடிசை போட்டுக் குடுத்தோம். அங்கனயே செத்தான்."

பாக்கியசீலன் சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கோமதிநாயகம் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏறுவோமா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்து, சரியென்று நடந்தார்.

மலைமேல் ராத்திரி தங்கிய பூங்குளத்தில் விடிந்தபோது குளிர் எலும்பைத் துளைத்தது. பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. மல்லன் போட்ட தீயைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். திடீரென்று கோமதிநாயகம் மூக்கைச் சுளித்தார்.

"என்ன வே, கரியுத வாடை அடிக்குது?" என்று குனிந்தவர் அலறினார். "ஏ! உம்ம கால்! கங்குல கிடக்கு!"

பாக்கியசீலன் இடது காலை இழுத்துப் பார்த்தார். பாதத்தின் ஓரம் வெந்து தோல் உரிந்திருந்தது. கையோடு நிற்கவில்லை, காலுக்கும் வந்துவிட்டது. அது அவருக்கும் அப்போதுதான் தெரியும். இனி மறைக்க என்ன இருக்கிறது? கையையும் காட்டினார்.

கோமதிநாயகம் எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே வே."

"சொன்னா கூட வந்திருப்பீரா?"

மல்லன் ஏதோ தழையை அரைத்து வைத்துத் துணியால் கட்டிவிட்டார். வலி இல்லாததால் ஏற முடிந்தது. கடைசிப் பாறைகள் செங்குத்தாக நனைந்து கிடந்தன. கோமதிநாயகம் மேலே நின்று கையை நீட்டினார், பாக்கியசீலன் பிடித்து ஏறினார். உச்சியில் மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆறு இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. பத்து வருஷ ஆசைக்காரர் ஈரப் பாறைமேல் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பாக்கியசீலன் ஜெபிக்க முயன்றார். குளிர்தான் இருந்தது, வார்த்தை வரவில்லை.

இறங்கும் வழியில் ஓர் ஓடை வந்தது. முன்னால் போன கோமதிநாயகம் அதன் கரையில் உட்கார்ந்து, மண்ணை அள்ளி இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். பாக்கியசீலன் மேலேயே ஒரு மரத்தடியில் நின்று, அவர் கழுவி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, பைய இறங்கி வந்தார். அந்தச் சிநேகிதரை அவர் கடைசிவரை யாரிடமும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே இன்பமணியிடம் சொன்னார். அவள் ஊசியை எடுத்துத் தன் கையில் குத்திப் பார்த்தாள், பிறகு மகள் கையில். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை கேட்டபிறகுதான் இன்பமணி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் பாக்கியசீலன் தன் கையாலேயே ராஜினாமா எழுதினார்.

குஷ்டரோகிகள் விடுதி ஒன்றில் சேர்ந்தார். கோமதிநாயகத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. இன்பமணி மாதம் ஒருமுறை வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மகளின் படிப்பு, உடம்பு எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். 1918 விஷக்காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவருக்குச் சேதி வந்தது. மகளை மாமன் கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டார் என்றும் சேதி கொண்டுவந்த ஆள் சொன்னார்.

அதற்குப் பிறகும் பாக்கியசீலன் நாலு வருஷம் உயிரோடு இருந்தார். பார்க்க யாரும் வரவில்லை.