கன்னியாகுமரிக்குப் புறப்பட்டுப் பல்லாவரத்தில் முடிந்த பயணம்: வண்டிக்குக் கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்கு

பெரிய மோட்டார் சைக்கிளில் தூர ஊருக்குப் போகிறவர்கள் எந்தக் கண்ணாடி வாங்கலாம், மூட்டையை எதனால் கட்டலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் எழுபத்து மூன்றாம் வருஷம் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டவன். போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று சொன்னால் உங்களுக்கு உதவும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மைல்கல்லில் இருக்கும் எண் மட்டும் தெரியும். நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

அப்போது மந்தைவெளியில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். தேவராஜ் என் கூட்டாளி. வீடு அடையாறு, வேலை தி.நகரில் ஒரு தையல் கடையில். ராணுவ ஏலத்தில் வந்த பழைய வண்டிகள் இரண்டை ஆளுக்கொன்றாக வாங்கினோம். அவன் ஓட்டப் பழகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. பின்னால் மூட்டை வைக்கும் கேரியர் இரண்டையும் நானே இரும்புக் கம்பியில் அடித்தேன். அதில் குறை இல்லை.

கண்ணாடி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். நீளக் கம்பி வைத்த அகலக் கண்ணாடி பதினோரு ரூபாய். உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி ஒன்பது ரூபாய். தேவராஜ் அகலமானதை எடுத்தான்.

"இன்னா நைனா, யான காது மாதிரி கீது!" என்றேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அண்ணே, சின்னது மாப்ளை ஷோக்குக்கு. மூட்டை கட்டிகினு ஊருக்குப் போறவனுக்குப் பெர்சுதான்."

நான் சின்னதைத்தான் வாங்கினேன், அதுவும் வலது பக்கத்துக்கு ஒன்று மட்டும். இரண்டு ரூபாய்க்காக இல்லை. வண்டி அழகு கெட்டுவிடும் என்று.

ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி அன்று, காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். முந்தின நாள் பூஜையில் வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். கண்ணாடிக்கு நடுவிலும் ஒரு பெரிய பொட்டு. துணியை எடுத்தேன், என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூச போட்டத தொடப்பாங்களா? தானா உதுரும், வுடு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பொட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம்தான் கண்ணாடி மிச்சம். அதில் என் தோளும் மூட்டையின் ஓரமும் தெரிந்தன.

அடையாறில் தேவராஜ் சேர்ந்துகொண்டான். வழி எனக்குத்தான் தெரியும், அதனால் நான் முன்னால். பின்னால் வருகிறவன் லைட் போட்டால் முன்னால் போகிறவன் நிறுத்த வேண்டும் என்று பேச்சு. கிண்டி தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது, நன்றாக முறுக்கினேன். பல்லாவரம், பதினெட்டு கிலோமீட்டர், ஆறேகாலுக்கு டீக்கடையில் நிறுத்தினேன். இரண்டு டீ சொன்னேன். அவன் டீ ஆறி ஆடை கட்டியது. எங்கேயாவது ஒதுங்கியிருப்பான் என்று இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் போனால், மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் அவன் வண்டி புளியமரத்தில் சாய்ந்து கிடந்தது. வேட்டி, சட்டை எல்லாம் ரோட்டில். யாரோ லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தேங்காய் நார்க் கயிற்றில் கட்டிய அவன் மூட்டை வழியில் தளர்ந்திருக்கிறது. நான் நிற்பேன் என்று லைட் போட்டிருக்கிறான். நிற்கவில்லை. எட்டிப் பிடிக்க வேகமாக வந்தபோது கயிற்று முனை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டான். "எத்தினி வாட்டி லைட்டு போட்டேன் நைனா! ஹாரன் வேற. நீ பாட்டுக்கு போய்க்கினே கீற. கண்ணாடில பாக்கலியா?"

"வெயிலு பட்டு கூசிச்சுபா. ஒண்ணும் தெர்ல" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதற்குள் அவன் மனைவி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடி போனவரு இன்னா, தூங்கிகினா போனாரு?"

"வெயிலு மே. அவன் இன்னா பண்ணுவான்?" என்றான் தேவராஜ்.

இடது முட்டி அதற்கப்புறம் மடங்கவில்லை. மிஷினுக்கு அடியில் கால் போகாது. கோட்டு தைத்த கை, அதே கடையில் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து காஜா எடுத்தது, பட்டன் கட்டியது. வண்டிகள் இரண்டையும் விற்றோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடி நீளக் கம்பியில், இரண்டு பக்கமும் வேண்டும். கடையில் வெறும் வண்டியில் பார்த்து வாங்காதீர்கள். மூட்டையைக் கட்டி, ஆள் உட்கார்ந்து பாருங்கள். தோளுக்கு அப்பால் ரோடு தெரிய வேண்டும். குவிந்த கண்ணாடியில் பின்னால் வருவது தூரமாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் இருக்கும். மூட்டைக்குக் கயிறு வேண்டாம், பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டுங்கள், முனையை உள்ளே செருகுங்கள். பூஜை போட்டால் பொட்டை டேங்கில் வையுங்கள். கண்ணாடியில் வைத்துவிட்டால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், சாமி ஒன்றும் சொல்லாது.

தேவராஜ் அதற்கப்புறம் இருபது வருஷம் உயிரோடு இருந்தான். கால் எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் வெயில் என்றுதான் சொன்னான், நான் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். அன்று காலை மழை மேகம். அடையாறிலிருந்து பல்லாவரம் வரை ஒரு கீற்று வெயில் இல்லை. அவனும்தானே அந்த வானத்துக்கு அடியில் வந்தான்.