பகல் காவல்

நாங்கள் அமெரிக்காவில் நியூஜெர்சி எடிசனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். முன்கதவு நான் பூட்டிய மாதிரியே பூட்டியிருந்தது. உள்ளே போனால் சமையலறைத் தரை முழுக்க அரிசி.

பின்பக்கக் கண்ணாடிக் கதவை நெம்பித் திறந்து யாரோ வந்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற பெண்கள் நகையை எங்கே ஒளித்து வைப்போம் என்று தெரிந்த ஆள். மற்ற எதையும் தொடாமல் அரிசி டப்பாவையும் பருப்பு டப்பாவையும் மட்டும் கவிழ்த்திருந்தான். அரிசிக்கடியில் நான் சுருட்டி வைத்திருந்த துணிப்பையைக் காணோம். கல்யாணத்துக்கு அம்மா போட்ட வளையல்களும் ஆரமும் அதில்தான் இருந்தன. கழுத்தில் கிடந்த தாலிக்கொடி தப்பியது.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. திறந்து கிடந்த கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அதுவரை அவளும் நானும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுத் துணி துவைக்கும் அறையில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. ஜாவாவில் ஏதோ மலையடிவாரத்துக் கிராமம் அவளுடையது. கணவன் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். அவள் எதுவும் கேட்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அரிசியை இரண்டு கையாலும் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். பாதி அள்ளிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். என் கணவர் மன்ஹாட்டனிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "விடு, போனது போச்சு. உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் அந்தப் பெண் ஒரு கேள்வியோடு வந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டும்தான். அதனால் அவள் பேச்சை என் தமிழில்தான் சொல்ல முடியும்.

"பட்டப்பகல். இருபத்துநாலு வீடு. யாருமே பார்க்கலையா?"

திருட்டைவிட அதுதான் அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அன்று டீ குடித்தபடி தன் ஊரைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். அங்கே ஊர்க்காவல் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து வருமாம். தெருமுனையில் மூங்கிலால் ஒரு சின்னக் குடில், அதில் குடைந்த மரத்துண்டு ஒன்று தொங்கும். திருடன் என்றால் ஒரு தாளம், தீ என்றால் இன்னொரு தாளம், சாவுக்கு வேறு. தாளம் கேட்டதும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவருவார்கள். காவல் இருப்பவர்களுக்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பிடி அரிசி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைக்கே தெருத்தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். காவலுக்கு அவள் மொழியில் 'ஜாகா' என்று பெயர். எங்கள் ஊரில் ஜாக்கிரதை என்போம் என்றேன். அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கணவனை அவர்கள் 'சுவாமி' என்பார்கள் என்று தெரிந்தபோது நான் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

"நாமும் வைக்கலாமா?" என்றாள்.

இப்படித்தான் எங்கள் பகல் காவல் தொடங்கியது. காலை ஏழரைக்கெல்லாம் கட்டடம் காலியாகிவிடும். எங்களைப் போல வேலை பார்க்க அனுமதி இல்லாத மனைவிகளும் வயதானவர்களும்தான் மிச்சம். ஐந்து பேர் சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு நாள். துணி துவைக்கும் அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டால் கார் நிறுத்துமிடமும் பின்பக்கக் கதவுகளும் நன்றாகத் தெரியும். குடைந்த மரத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டோம்.

மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவைச் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஊரில் ராணுவக் காவல்சாவடிகளைத் தாண்டி நடந்தவர் அவர். "சென்ட்ரி எண்டாலே எனக்குப் பயம். ஆனா நீங்கள் கேக்கிறியள், இருக்கிறன்" என்றார். வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அந்தக் குளிர்காலத்தைப் போல நான் அமெரிக்காவில் வேறு எந்தக் காலத்திலும் சந்தோஷமாக இருந்ததாக நினைவில்லை. காவல் இருப்பவளுக்கு மற்ற நாலு வீட்டிலிருந்தும் ஏதாவது வந்துவிடும். புதன்கிழமை என் முறை. சலவை இயந்திரங்களின் சூட்டில் அந்த அறை கதகதப்பாக இருக்கும். சோப்பு வாசனைக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பேன். வாழை இலைக்குப் பதிலாக அலுமினியத் தாளில் சுற்றிய புட்டு மேலேயிருந்து வரும். ஜாவாக்காரி வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டுவருவாள். கோபிசெட்டிபாளையத்தில் அம்மா செய்த பழ பஜ்ஜியேதான். காவலுக்கு வந்தவள் தனியாக இருந்ததே கிடையாது. எப்படியும் இரண்டு பேராவது பேச வந்துவிடுவார்கள். திருடனைப் பார்த்தோமோ இல்லையோ, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. முதல்நாள் பெய்த பனி தரையில் அப்படியே கிடந்தது. பதினொரு மணி இருக்கும். பெரிய கறுப்பு ஜாக்கெட் போட்டு, தலையையும் முகத்தையும் மூடிய ஒரு ஆள் கட்டடத்தைச் சுற்றி வந்தான். தரைத்தளத்து வீட்டு ஜன்னலை நெம்பினான். அது திறக்கவில்லை. அடுத்த ஜன்னலுக்குப் போனான்.

தட்டை எடுத்து அடித்தேன். அப்படி ஒரு சத்தம் அந்த வளாகத்தில் அதற்கு முன் கேட்டிருக்காது. கதவுகள் திறந்தன. நானும் தட்டோடு வெளியே வந்தேன். பெண்கள் ஓடிவந்தார்கள். கூடவே யாரென்றே தெரியாத இரண்டு ஆண்களும் வந்தார்கள். ஒருவர் கையில் பனி அள்ளும் மண்வாரி. யாரோ 911-க்குப் போன் செய்துவிட்டார்கள். அந்த ஆள் சுவரோடு ஒட்டி நின்றான்.

எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் ஜாவாக்காரிதான். அவனைப் பிடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் அவன் முன்னால் போய் நின்று, எங்களைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள். பனியில் வெறுங்காலோடு நின்றாள். "யாரும் தொடக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "யாரும் தொடக் கூடாது."

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நடுங்கும் தமிழ்க்குரல் வந்தது.

"ஏம்மா, நான் களவாணி இல்லம்மா. இது எம்பொண்ணு வீடு. குப்பை போட வந்தேன், கதவு தானா பூட்டிக்கிட்டுது."

ஜாக்கெட்டோடு சேர்ந்த தொப்பியைப் பின்னால் தள்ளினார். உள்ளே ஒரு குரங்குக் குல்லா, அதற்குள் வெள்ளை மீசை. எழுபது வயதிருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மருமகனின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முக்கால் மணி நேரமாகக் குளிரில் சுற்றியிருக்கிறார். எந்தக் கதவைத் தட்டுவது, என்ன மொழியில் பேசுவது என்று தெரியவில்லையாம்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அதற்குள் நானும் பெரியவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டுக் கட்டட மேனேஜரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து கொடுத்தார். மண்வாரியோடு வந்தவர் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வாசல் பனியை அள்ளிவிட்டுப் போனார். என்னிடம் காபி வாங்கிக் குடித்த பெரியவர், "நல்ல காவல் போடுதீங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜாவாக்காரியை என் வீட்டுக்கு அழைத்துவந்து வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். எதற்கு அப்படி ஓடினாய் என்று கேட்டேன்.

அவளுக்குப் பதினைந்து வயதில் ஒருநாள் காலையில் ஊரில் திருடன் தாளம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். ஆட்டைத் திருடியதாகப் பக்கத்து ஊர் ஆள் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். தினமும் தொழுகைக்குப் போகிறவர்கள், கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து சமைத்துக் கொடுப்பவர்கள்தான் அவனை அடித்தார்கள். அவள் அப்பாவும் அங்கே இருந்தார். அவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். அடுத்த வாரம் அந்த ஆடு ஆற்றங்கரைப் புதரில் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை" என்றாள். "ஊர்க்காவலைப் பற்றி உன்னிடம் சொன்னபோதும் அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்."

அவள் காலைத் துடைத்துவிட்டேன்.

அந்த வாரமே எங்கள் காவலில் ஒரு மாற்றம் செய்தோம். புதிதாக யார் வந்தாலும், அப்பா அம்மாவோ வேலைக்கு வந்த பையனோ, முதல் நாளே சலவை அறைக்கு அழைத்துவந்து எல்லோருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். தட்டையும் கரண்டியையும் எடுத்துவிட்டோம். சந்தேகம் வந்தால் முதலில் போய்ப் பேச வேண்டும், அதுவும் இரண்டு பேராக. திருநெல்வேலிப் பெரியவர் தானாகவே வந்து ஆறாவது ஆளாகச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பும் வரை சனிக்கிழமைகளைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் இருந்தவரை அந்தக் கட்டடத்தில் வேறு திருட்டு நடக்கவில்லை. எங்களால்தானா என்று தெரியாது. என் நகை கிடைக்கவே இல்லை.

அடுத்த வருடம் அவள் கணவனின் படிப்பு முடிந்து ஊர் திரும்பினார்கள். நாங்கள் டெக்சாஸில் ஆலனுக்கு வந்தோம். சொந்த வீடு, அலாரம், தானாகத் திறக்கும் கராஜ். பக்கத்து வீட்டுக்காரரின் காரைத் தெரியும், முகம் அவ்வளவாகத் தெரியாது. சில புதன்கிழமைகளில் காரணமே இல்லாமல் எங்கள் வீட்டுச் சலவை அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டாயிரமாம் ஆண்டில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் ஊர் வயல்களை அரசாங்கம் அளந்து முதல்முறையாகப் பட்டா கொடுத்ததாம். நோயில் கிடந்த அவள் அப்பாவால் எழுந்து போய் எல்லையைக் காட்ட முடியவில்லை. பக்கத்து வயல்காரர்தான் அளவையாளரோடு நாள் முழுக்க வெயிலில் நடந்து, அப்பாவின் நிலம் இதுவரை, என்னுடையது இங்கிருந்து என்று காட்டியிருக்கிறார். ஒரு முழம் தன் பக்கம் தள்ளிச் சொல்லியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தாள். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம்.

என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பக்கத்து வயல்காரர் எல்லை காட்டிய இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.