பட்டுடுத்தி முகம் எழுதுகிறவள்

திங்கட்கிழமை விடிந்ததும் டார்கஸ் லஸ்கம் பட்டு உடுத்திக்கொள்கிறாள். சனிக்கிழமை இருட்டும் வரை பட்டுத்தான். முழங்கையில் கிழிந்து, தைத்து, தைத்த இடத்திலேயே மறுபடி கிழிந்த சாம்பல் நிறப் பட்டு கவுன். ஞாயிறன்று கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கம்பளி கவுனுக்குள் புகுந்துகொள்கிறாள். பிளிமத் துறைமுகத்தில் மற்ற பெண்களெல்லாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்கள். ஆகையால் இவளைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் தெருவில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

"ராணியம்மா எழுந்தாச்சா? இன்னிக்கு எந்தத் தேசத்து ராஜா வர்றாரு?" என்று கீழ்வீட்டில் மீன் விற்கும் கெசியா காலையில் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ராஜா வந்துட்டுத்தான் இருந்தாரு. உன் மத்தி மீன் நாத்தம் தாங்காம பாதிப் படியிலயே திரும்பிட்டாரு" என்று மேலேயிருந்து பதில் விழும்.

பட்டுக்குக் காரணம் பகட்டு அல்ல. விரல்நகத்தை விடச் சற்றே பெரிய தந்தத் துண்டில் மனித முகம் எழுதுகிறவளுக்குக் கம்பளியிலிருந்து உதிரும் ஓர் இழைதான் பரம விரோதி. ஈரம் காயாத கன்னத்தில் அது ஒட்டிக்கொண்டால் எடுக்க வழியில்லை; எடுத்தால் கன்னமும் கூடவே வரும். அதனால் அந்த அறையில் விரிப்பு கிடையாது, திரைச்சீலை கிடையாது, பூனை கிடையாது. பூனை இல்லாததால் எலி உண்டு. வர்ணத்தில் கோந்தோடு கற்கண்டும் கரைக்கிறாள் என்பது எலிகளுக்குத் தெரிந்துபோய் வெகுகாலமாகிறது.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். கம்பளி உடுத்தியவர் யாராயிருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. கடலில் பீரங்கிக்கு அஞ்சாத கப்பல் தலைவர்கள் அந்தக் கோட்டின் முன்னால் பூட்ஸ் நுனியை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு வெளிப்புறமே ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொண்டே, "அசையாதீங்க. மூச்சு மட்டும் விட்டாப் போதும்" என்பாள். அந்த நாக்கு எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். பேர் அவளுக்கு நிற்பதில்லை. "ரெண்டு முகவாய் இருக்குமே, அந்தத் தளபதி" என்றுதான் சொல்வாள். முகம் மட்டும் ஒருமுறை எழுதினால் சாகும்வரை மறக்காது.

அதுவே அவளுக்கு வினையும் ஆனது. போர்க்காலத்தில் அவள் எழுதிய முகங்களில் பாதி திரும்பி வரவில்லை. கப்பல் வந்து ஊரே துறைக்கு ஓடும் நாட்களில் அவள் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். "எழுதுன முகத்தைக் கூட்டத்துல தேடுற வேலை நமக்கு வேண்டாம் கெசியா" என்பாள். அவளை யாரும் எழுதியதில்லை. எழுதிக்கொள்ளேன் என்று ஒரு தடவை கெசியா கேட்டதற்கு, "இந்த மூஞ்சியைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு யாருடி கடலுக்குப் போகப்போறான்?" என்று சிரித்தாள். சிரித்ததுதான், ஆனால் கெசியா அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் தாமசின் யெல்லண்ட் வந்தாள். கறுப்புக் கம்பளித் துக்க உடை. கணவன் லெப்டினன்ட் அம்ப்ரோஸ் யெல்லண்ட் போர் முடிகிற தறுவாயில் கப்பலோடு மூழ்கிப்போனவன். கோட்டுக்கு வெளியே நின்றபடி கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி நீட்டினாள். கண்ணாடி மூடிக்குள் டார்கஸ் எழுதிய முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தந்தம், லேசாக அழுக்கேறிய வெள்ளையாய்.

"கண்ணாடிக்குள்ள தூசி போயிருந்துச்சும்மா. அவர் முகம் மங்கலாத் தெரிஞ்சுது. திறந்து… ஈரத்துணியால துடைச்சேன்."

நீர்வர்ணம் ஒரு துடைப்புக்குத் தாங்காது.  டார்கஸ் திட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. இரண்டு வருஷமாகத் தாமசின் தன்னையே திட்டிக்கொண்டிருப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தாமசினிடம் ஓர் அச்சுப் படம் இருந்தது. பதக்கம் நன்றாயிருந்த நாளில் அம்ப்ரோஸின் கப்பல் நண்பர்கள் அதைப் பார்த்துச் செப்புத்தகட்டில் வெட்டச் செய்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். துடைத்த நாளிலிருந்து அதைத்தான் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டிவைத்து, கண் விழித்ததும் பார்த்து, விளக்கணைக்கும்முன் பேசி வந்திருக்கிறாள். "இதைப் பாத்து அதே தந்தத்துல திரும்ப எழுதிக் கொடுங்கம்மா" என்றாள்.

அவள் போனபிறகு டார்கஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். அம்ப்ரோஸை அவளுக்கு நினைவிருந்தது. உட்கார்ந்த மூன்று தடவையும் பையில் குங்குமப்பூ ரொட்டி கொண்டுவந்து தின்றுகொண்டே இருந்த பையன். பாய்மரக் கயிறு சுண்டிப் பிளந்த வலப் புருவம். படத்தில் அந்தப் பிளவு இடப் புருவத்தில் இருந்தது. செப்பில் வெட்டுகிறவன் மூலத்தை முகக்கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். இவன் கண்ணாடியை எடுக்கச் சோம்பல்பட்டிருக்கிறான். முகம் முழுக்க இடம் வலமாகிவிட்டது. கட்டிய மனைவிக்கு இது தெரியாமலா இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, டார்கஸ் தன் நினைவில் இருந்தபடியே எழுதினாள்.

அடுத்த முறை வந்தபோது தாமசின் பதக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மரியாதை குறையாமல், "இது யாரும்மா?" என்றாள்.

"யாருன்னா?"

"கிட்டத்தட்ட அவர் மாதிரிதான் இருக்கு. ஆனா அவர் இல்ல. தழும்பு அந்தப் பக்கம்மா."

டார்கஸ் அச்சுப் படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "லெப்டினன்ட்டுக்குப் பதவிக் குஞ்சம் எந்தத் தோள்ல வைப்பாங்க?"

"வலது தோள்ல. ஊருக்கே தெரியுமே."

"படத்துல எந்தத் தோள்ல இருக்கு பாரு."

தாமசின் பார்த்தாள். இடது தோளில் இருந்தது.  "தோளைப் பாக்கவாம்மா நான் இந்தப் படத்தை வச்சிருந்தேன்?" என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "அப்ப தந்தத்துலேருந்து மட்டும் இல்ல, மனசுலேருந்தும் துடைச்சுட்டேன். ரெண்டு வருஷமா வேற யார்கிட்டயோ பேசிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

வாசலில் மீன்கூடையோடு நின்ற கெசியாவுக்குப் பொறுக்கவில்லை. டார்கஸைக் கதவோரம் இழுத்துக் காதைக் கடித்தாள். "அவ கேக்குற பக்கமே எழுதிக் கொடுத்துடேன்கா. உனக்கு அரைநாள் வேலை. அவ நிம்மதியாப் போவா. செத்தவன் வந்து சண்டைக்கா நிக்கப்போறான்?"

"வரமாட்டான். அதனாலதான் மாத்தி எழுதக் கூடாது" என்றாள் டார்கஸ்.

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. குஞ்சத்தைக் காட்டி வாதத்தில் ஜெயித்துவிடலாம். ஜெயித்து என்ன? அந்தப் பெண் இனி ஆயுள் முழுக்க ஓர் அந்நியன் முகத்தைக் கழுத்தில் சுமந்துகொண்டு, இவன்தான் என் புருஷன் என்று தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். டார்கஸ் தன் மேசையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"கோட்டைத் தாண்டி வா" என்றாள்.

"கம்பளி உடுத்தியிருக்கேன்மா."

"தெரியுது. வா."

கெசியா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். மேசையில் காய்ந்துகொண்டிருந்த வேறு இரண்டு முகங்களைக்கூட மூடி வைக்காமல், டார்கஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தாமசினைத் தன் எதிரில் முழங்கால் முட்ட உட்கார வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் போட்டாள். தொட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிற பெண்பிள்ளை இவள்.

"படத்தை மறந்துடு. கண்ணை மூடிக்கோ. நான்தான் அம்ப்ரோஸ். தழும்பைத் தொடு."

"எனக்குத் தெரியலையேம்மா."

"உன்னை யாரு கேட்டா? கையைக் கேளு."

தாமசின் கண்களை மூடினாள். வலது கை பாதி உயர்ந்து காற்றில் தயங்கி நின்றது. பிறகு மடியில் இறங்கிவிட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கீழே யாரோ மீன் விலை கேட்டுக் கத்தினார்கள். கெசியா திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் இடது கை எழுந்தது. அது தயங்கவில்லை. டார்கஸின் நெற்றியில் இல்லாத முடிக்கற்றையை ஒதுக்கியது. கட்டைவிரல் வலப் புருவத்தின் நடுவில் போய் அமர்ந்து, முடி பிளந்த இடத்தை நீவுவதுபோல் மெல்ல நீவியது.

"வலது கை அவர் தலைக்கு அடியில இருக்கும்" என்றாள் தாமசின், கண்ணைத் திறக்காமல். "தூங்கும்போது… இதாலதான்…"

கறுப்புக் கம்பளிக் கையிலிருந்து இழைகள் சாம்பல் பட்டின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தன. டார்கஸ் தட்டிவிடவில்லை. தன் கன்னத்தில் இறங்கிய கண்ணீரையும் துடைக்கவில்லை. தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, அசையாமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.