ஓடைக்கரையில் கையாட்டியவள்

நான் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படித்தவள். ஆனாலும் பேய், காத்து, கறுப்பு என்று யார் கதை விட்டாலும் சிரித்து அனுப்பிவிடுவேன். முனி அடித்துவிட்டது என்று எங்கள் தெருவில் படுத்துக் கிடந்தவனை, இது மஞ்சள்காமாலை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே நான்தான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம்.

நாகலாபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊருக்கு டெலிபோன் பூத் வந்த வருஷம், ஐப்பசி மாசம். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்ததில், குத்தகைக்காரர் விட்டு வளர்த்த கெண்டையெல்லாம் ஓடைக்கு வந்துவிட்டது. ஓடைக்கு வந்த மீன் பிடிக்கிறவருக்குச் சொந்தம், அது எங்கள் ஊர் வழக்கம். மூன்று நாள் மழை ஓய்ந்து வெட்டாப்பு விட்டதும் கலங்கல் தெளிந்தது, சாயங்காலம் ஈசல் கிளம்பியது. அதுதான் நேரம். தூண்டிலில் ஈயக்குண்டு கட்டக் கூடாது, தக்கையும் வேண்டாம், ஒரு ஈசலை முள்ளில் குத்தித் தண்ணீர்மேல் மிதக்க விட்டால் போதும், கெண்டை மேலே வந்து கவ்வும். இதில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆம்பளைகூடக் கிடையாது.

என் கொழுந்தன் பெண்டாட்டி பேச்சியும் வந்திருந்தாள். அவள் ஓடை நடுவில் ஒரு பாறைமேல், நான் கரையில். அவள் கூடையில் அதற்குள் நாலு மீன், எனக்கு ஒன்றுமில்லை.

"அக்கா, மீன் பிடிக்க வந்தியளா, ஈசலுக்கு நீச்சல் பழக்க வந்தியளா?" என்றாள்.

"ஏட்டி, வாயப் பொத்து. மீனு ஓடிரும்."

அப்போதுதான் தெளிந்த தண்ணீரில் நூல்போல ஒரு செம்மண் இழை வருவதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பூராவும் கரிசல். செம்மண் வந்தால் மேற்கே செவக்காட்டில் பெருமழை, பின்னாலேயே வெள்ளம் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை என் ஈசலுக்கு அடியில் வந்து நின்றது. சத்தம் போட்டால் போய்விடும், இதைப் பிடித்துவிட்டுக் கூப்பிடுவோம் என்று இருந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை.

பேச்சி தானாகவே வந்தாள். கூடையைக்கூட அப்படியே போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் தபதபவென்று நடந்து கரையேறினாள். என் கெண்டை ஓடிவிட்டது. வைவதற்கு வாயெடுத்தேன், மேற்கே இரைச்சல் கேட்டது. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் பாறையைக் காணோம், கூடையைக் காணோம், ஓடை சிவப்பாகப் புரண்டு போகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் போயிருப்பேன்க்கா."

"ரெண்டு பேரா? நான் ஒருத்திதான நின்னேன்?"

"நீங்க தூண்டிலயே பாத்துக்கிட்டு இருந்திய. ஒங்க பக்கத்துல நின்னவியதான் வா, வான்னு கையாட்டுனாவ. ஒங்களுது மாதிரியே கத்திரிப்பூ சேல. மூஞ்சியும்..."

நான் கையை விடுவித்துக்கொண்டு எட்டி நடக்க ஆரம்பித்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. பேச்சி இப்போதும் என் வீட்டுக்கு வருவாள். வந்ததும் முதலில் என் இடது பக்கம் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் பேசுகிறாள்.